நான்காம் கட்டிலுக்கு உப்பு

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நல்லம்மா, புருஷன் செத்த வருஷம் மலையிறங்கி வந்து கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். பெண்கள் வார்டைக் கூட்டுவாள், பீங்கான் கழுவுவாள். இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது.

பிழைக்கமாட்டாள் என்று தெரிந்துவிட்டால் டாக்டர் அதை நோயாளியிடம் சொல்வதில்லை. பத்தியத்தை நிறுத்தி, கேட்டதைக் கொடுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தமிழ் பேசுகிற பெண்களிடம் என்ன சாப்பிட ஆசை என்று கேட்பது நல்லம்மா. வேறொன்றும் பேசக்கூடாது. முதல் தடவை குசினிக்குப் பின்னால் நின்று அழுதாள். போகப் போக, விளக்குமாறு எடுப்பது போலத்தான் அதுவும்.

நான்காம் கட்டிலில் மடவளை ஊர் ஹபீலா. உடம்பெல்லாம் நீர் கோத்த வீக்கம். வந்த நாளிலிருந்து உப்பில்லாக் கஞ்சி.

"என்ன புள்ள, கண்டியில உப்பு முடிஞ்சிட்டா?" என்று தினமும் கேலி செய்வாள். மகள் மஸீனாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. தான் எழும்பி வந்த பிறகுதான் நிக்காஹ் என்று புருஷன் மக்கீனிடம் ஒரே பிடியாகச் சொல்லியிருந்தாள்.

அன்று டாக்டர் நான்காம் கட்டிலைத் தாண்டியதும் மிஸ்ஸி தலையசைத்தாள். நல்லம்மா போனாள்.

"என்னக்கா சாப்பிடணும் போல இருக்கு?"

"உப்புப் போட்டா?"

"ஆமாங்க. எது வேணும்னாலும்."

வீங்கிய முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப சொகமாகிட்டுது. கருவாட்டு ஆணம் கொண்டா புள்ள. பெருநாள் கழிஞ்சி நிக்காஹ் வெக்கலாம். நடந்தே ஊட்டுக்குப் போவன், பாரு."

ஆமாம் என்றால் போதும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பெருநாளோ தூரத்தில் இருந்தது.

"தள்ளிப் போடாதீங்கக்கா. இந்த வெள்ளிக்கிழமையே வச்சிருங்க."

ஹபீலா அவளையே பார்த்தாள். பிறகு, முந்தாநாள் ஒரு கிழவி செத்துக் காலியான பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

"அந்தக் கிழவிக்கும் கேட்டதெல்லாம் குடுத்தீங்க."

"ஆமா."

பின்னேரம் மக்கீன் வந்தபோது ஹபீலா தலையணையில் சாய்ந்து கருவாட்டு ஆணத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நிக்காஹ்வ வெள்ளிக்கிழமை வைங்க."

"அவ்வளவு அவசரமா? நீ வரவேணாமா?"

"நா இல்லாட்டி நடக்காதா? உப்புத் தந்துட்டாங்க, பாருங்க."

"அப்ப சொகம்தான்!" என்று மக்கீன் சிரித்தான்.

"ஓ, சொகம்தான்," என்றாள் ஹபீலா.

நல்லம்மா பாதிச் சோற்றோடு பீங்கானை வாங்கிப் போய்க் கழுவினாள். அழுகை ஒன்றும் வரவில்லை. கையில் கருவாட்டு வாசனை போகவில்லை. சாம்பல் போட்டு இன்னொரு தரம் தேய்த்தாள்.