காட்டில் வைத்த சோறு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. அப்பா இறந்து ஒரு வருடம். காலை ஐந்தரைக்கு எழுந்து சோறு வடித்தேன், உளுந்து வடை சுட்டேன். புகையெச்சரிக்கைக் கருவி அலறாமலிருக்க, அந்தக் குளிரிலும் சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்தேன்.
2. வாழையிலை கிடைக்கவில்லை. முட்டைக்கோஸ் இலையில் போட்டு அப்பா படத்துக்கு முன் படைத்தேன்.
3. சன்னலில் பறவைகளுக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று எங்கள் கட்டடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். படைத்ததை டப்பாவில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.
4. பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு முக்கால் மணி நேரம். அங்கே காகங்களைப் பார்த்திருக்கிறேன்.
5. பாதையோரம் பாசி படர்ந்த கல்லில் சோறும் வடையும் வைத்து, ‘கா, கா’ என்று கூப்பிட்டேன்.
6. காகம் வரவில்லை. வனக்காவலர் வந்தார்.

ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். பாலங்களின் அதிர்வை அளக்கும் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. இந்த ஊர்க்காரர்கள் சனி, ஞாயிறு வந்தால் காட்டுக்குப் போகிறார்கள்; நானும் போகப் பழகிவிட்டேன். நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, மரத்துக்கு மரம் வண்ணக்குறி. காட்டின் வாசலில் பச்சை முக்கோணப் பலகை, அதன்கீழ் செய்யக் கூடாதவற்றின் பட்டியல். பட்டியல் என்றால் எனக்குப் பிடிக்கும், முழுதும் படிப்பேன். பதினெட்டுக் கிலோமீட்டர் காட்டில் நடந்தேன் என்று முதன்முறை அம்மாவிடம் சொன்னபோது, “ஏன், பஸ்ஸு இல்லியா?” என்று கேட்டார். எங்கள் கருங்குழிப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டிச் சைக்கிள் மிதித்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனவர்கள்தான்.

என் அப்பாவும் அப்படித்தான் போனார். வேடந்தாங்கல் ஏரியில் சீசன் காவலராக இருந்தார். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை, விடிவதற்குள் சைக்கிளை எடுத்துவிடுவார். விடுமுறை நாட்களில் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். ஏரிக்கரை மேல் நடந்துகொண்டே இருப்பதுதான் அவர் வேலை. பாட்டுப் போடுகிறவர்களை, கல் எறிகிறவர்களை, கைதட்டுகிறவர்களை அடக்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை சித்தப்பா குடும்பத்தோடு ஏரிக்கு வந்தார். கையில் ஒரு பை பொரி. பிள்ளைகள் கரையெல்லாம் இறைத்தார்கள். அப்பா ஓடிவந்தார்.

“டேய், இன்னாடா பண்ணிகினு கீறீங்க?”

“பறவைக்குத்தாண்ணே. பாவம், துன்னட்டும்,” என்றார் சித்தப்பா.

“உன் பொரிய துன்னத்தான் எங்கிருந்தோ பறந்து வந்துச்சா அது? இத துன்ன எலி வரும், நாய் வரும். அப்பால முட்டை, குஞ்சு எதுவும் தங்காது. பொறுக்கு.”

“இன்னாண்ணே, நம்ம வூட்டு ஆளுங்க...”

“நம்ம வூட்டு ஆளுன்னா ரெண்டு கையாலயும் பொறுக்கு.”

சித்தப்பாவும் பொறுக்கினார், நானும் பொறுக்கினேன். அப்பா கடைசிப் பொரி வரை நின்று பார்த்தார்.

அவர் மாரடைப்பில் போனபோது, இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது நிச்சயமில்லை என்றார்கள். நான் போகவில்லை. கொள்ளி வைத்ததும் பதினாறாம் நாள் காரியம் செய்ததும் சித்தப்பா. நான் கைபேசியில் பார்த்தேன், அதுவும் நடுவில் இரண்டு முறை அறுந்துபோனது. ஆகவே அவருக்கென்று என் கையால் செய்யும் முதல் காரியம் இந்தச் சோறுதான். வருச தெவசத்துக்கு ஊரிலும் சித்தப்பா வைத்தார், மொட்டைமாடியில் காகங்கள் வந்து எடுத்தன. அம்மாவுக்கு அது போதவில்லை.

“அவரு பெத்தது உன்ன ஒருத்தியத்தான். நீ வெச்சு காக்கா எடுத்திச்சின்னு சொல்லு, அப்பால நான் துன்றேன்.”

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். எனக்குக் காலை ஒன்பது என்றால் அங்கே பகல் ஒன்றரை.

வனக்காவலர் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசினார். கல்லின் மேலிருந்த சோற்றைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டார்.

“என் அப்பாவுக்கு,” என்றேன்.

“அவர் எங்கே?”

“இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.”

“எவ்வளவு நேரமாக?”

“அரைமணி நேரமாக.”

அவர் முகம் மாறியது. என்ன வயது, என்ன நிறச் சட்டை, இந்தப் பாதைகள் பழக்கமா என்று கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். வயதைச் சொன்னேன். காக்கி என்றும் சொன்னேன். எனக்கு ஜெர்மன் தெரிந்த அளவில் வரிசையாகப் பதில்தான் சொல்ல வந்தது, நிறுத்தி விளக்க வரவில்லை.

“கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?”

“சென்னை விமான நிலையத்தில்.”

“எப்போது?”

“இரண்டு வருடத்துக்கு முன்னால்.”

வாக்கிடாக்கியை மெல்ல இறக்கினார். பிறகு, இருக்கிற சொற்களை வைத்து விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். “இங்கே சில பறவைகள் தரையிலேயே முட்டையிடும். உணவு கிடந்தால் எலியும் நரியும் வரும், முட்டை தங்காது,” என்றார். “அந்த வளைவு வரை போய்விட்டு வருகிறேன். பத்து நிமிடம் ஆகும்,” என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் போன பிறகுதான் காகம் வந்தது. ஊர்க் காகத்தைவிடப் பெரியது, முழுக் கறுப்பு. எதிரே வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து சோற்றையே பார்த்தது. நான் இரண்டடி தள்ளிப்போயிருந்தால் இறங்கியிருக்கும். நான் தள்ளிப்போகவில்லை. முழங்காலிட்டு, வடையை முதலில் எடுத்தேன். பிறகு சோறு. பாசிக்குள் போன பருக்கைகளை நகத்தால் கிள்ளியெடுத்து டப்பாவில் போட்டேன். காகம் பறந்துபோனது. காவலர் திரும்பிவந்து கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து, நான் தவறவிட்ட இரண்டு பருக்கைகளை எடுத்து என் கையில் வைத்தார்.

காட்டின் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

“காக்கா எடுத்திச்சா?”

“எடுத்திச்சும்மா.”

“எத்தினி?”

“ஒண்ணுதான். பெரிசா இருந்திச்சு.”

“மொதல்ல இன்னாத்த எடுத்திச்சு?”

“வடைய.”

“அவரு வடையத்தான் எடுப்பாரு,” என்றார் அம்மா. அழுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. “சரி, வெச்சிடு. பசி தாங்கல.”

இன்றைய நிலவரம் இது. அம்மா அன்று சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டார். சோறும் வடையும் அதே டப்பாவில், என் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் இருக்கின்றன. இங்கே வெளியில் வைக்க அனுமதியில்லை. ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக முடியாது. குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.