நீடில் டிடெக்டர் எதைப் பார்த்துக் கத்தியது

கண்ணுகளா, நேற்று உங்கள் இங்கிலீஷ் பாடத்தில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டீர்கள். இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பெயராக வந்தால், அதற்கு எப்படி அர்த்தம் பார்ப்பது என்று. பின்னால் நிற்பதுதான் பொருள், முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது என்று காட்டும் என்றேன். நெக் ரிப் என்றால் கழுத்துக்கு வைத்துத் தைக்கும் ரிப் துணி.

"அப்ப பேபி ரிப்புன்னா குழந்தைக்கு வெக்கிறதுங்களாப்பா?" என்றது சின்னது.

இல்லை. அது சன்னமான கோடு விழுந்த துணி, பெரியவர்களுக்கும் தைக்கிறோம். அதற்கு ஏன் பேபி என்று பெயரோ, தெரியவில்லை. அத்தோடு பாடத்தை நிறுத்திக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் நான் டெய்லர், உங்கள் அம்மா பேக்கிங். எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, தாளில் ஒட்டிக் காட்டினால்தான் வேறு ஊசி தருவார்கள். ஒருநாள் காலையில் என் ஊசி உடைந்தது. துண்டுகளைத் தேடி ஒட்டிக் கொடுத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். மத்தியானம் பேக்கிங்கில், துணிக்குள் ஊசி இருந்தால் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டர் கத்தியது. பாக்கெட்டில் போட்ட டீ ஷர்ட் ஒவ்வொன்றும் அந்த மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

மேனேஜர் வரும்வரை பாக்கெட்டை யாரும் பிரிக்கக் கூடாது என்று தனியே வைத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஊசி முனை பூராவும் சேர்ந்துச்சுங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"சேர்ந்துச்சுங்க. ஒட்டிக் குடுத்தேனுங்களே."

"அப்புறம் அது எதுக்குங்க கத்துது?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. ஒட்டிய துண்டுகளைக் கொண்டுவந்து புது ஊசியோடு வைத்துப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. அப்படியும் யாரும் நம்பவில்லை. நானே என்னை நம்பவில்லை. பக்கத்து மெஷின்காரன், "மாப்ள, சாயங்காலம் குண்டடம் பஸ் ஏறிக்கோ. ஊருல ஆடு மேய்க்க ஆளு வேணுமாம்" என்றான். சிரிப்பு வரவில்லை. வேலை போய்விட்டால் உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்றே மனம் ஓடியது. அவளோ எதிரிலேயே நிற்கிறாள்.

மேனேஜர் வந்து பாக்கெட்டைக் கையில் எடுத்தார். அப்போது உங்கள் அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சார், என் தாலிக் கொடியில ஒரு ஊக்கைக் காணோமுங்க."

பிரித்தார்கள். டீ ஷர்ட் மடிப்புக்குள் ஊக்கு கிடந்தது.

பேக்கிங் வாசலில் வாட்சு, மோதிரம், வளையல் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்று என்று யாரும் சொல்வதில்லை. அதில் தொங்கும் ஊக்கும் தாலியோடு சேர்த்தி என்றே எல்லோரும் இருந்துவிட்டோம்.

"இரும்பு எதுவா இருந்தாலும் அது கத்துமுங்க. நீங்க போய்த் தைங்க" என்றார் மேனேஜர் என்னிடம்.

"பொறவு எதுக்குங்க நீடில்னு பேரு வெச்சாங்க?" என்றேன்.

"வெச்சுட்டாங்க, உடுங்க" என்றார்.

மறுநாளே வாசலில் ஊக்குக்கென்று ஒரு டப்பா வைத்தார்கள். மெஷினின் பெயர் மாறவில்லை. பாடத்தில் என்ன எழுதுவது என்று உங்கள் டீச்சரையே கேளுங்கள். இன்றும் அது கத்தினால் நான் முதலில் என் ஊசியைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.