வேற பெகிமாய்க்குப் போன மாத்திரை

நாரின் மலையில அந்த ஊருக்கு சைக்கல்ங்கறவ ஒருத்திதான் நர்ஸ். மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கு பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, ஜீப்பு வர்றதுக்குள்ள கண்ணு முன்னாடியே போனத அவ பாத்திருக்கா. ஒரு தடவ இல்ல. அதனால, மூணாம் மாசத்து ரத்தத்தப் பாத்தே யாருக்கு ஆபத்துன்னு ஓரளவு முன்கூட்டியே சொல்லிடலாம்னு நகரத்து டாக்டருங்க வேன்ல வந்தப்போ, வீடு வீடாப் போயி கெடைச்சவங்களையெல்லாம் அவளே இழுத்துட்டு வந்தா. நஞ்சுக்கொடி ரத்தத்துல விடுற ஒரு புரதம் குறைஞ்சிருந்தா சிக்கலாம். அப்பவே தினம் ஆஸ்பிரின் கொடுத்தா நெறைய பேரு தப்பிச்சுக்கலாம். நாலாம் மாசம் தாண்டிட்டா மாத்திரையால பெருசா பிரயோஜனம் இல்ல.

வெறும் ஆஸ்பிரின்தாங்க! அது அவ பெட்டியிலயே கெடக்குது.

ரிசல்ட் போன்ல வந்துச்சு. ஒரே ஒருத்திக்குத்தான் ஆபத்து. பெகிமாய், தஷ்டான் குடும்பம். ஆத்துக்கு அந்தாண்ட தஷ்டான் வீட்டு மருமக, டீச்சர், அவ பேரும் பெகிமாய், அவளும் மாசமா இருந்தா. சைக்கல் அன்னிக்கே ஓடிப்போயி மாத்திரையக் குடுத்துட்டா.

சைக்கலோட ஊர்லயே ஒரோஸ்பெக் வீட்டுப் புது மருமகளும் பெகிமாய்தான். அவளுக்கு மட்டும் ரிசல்ட்டே வரல. ரத்தம் வழியில கெட்டுப்போயிருக்கும்னு நகரத்துல சொன்னாங்க. மாமியார் உல்கான் கேட்டப்போ, கெட்ட சேதின்னா வந்திருக்கும், தைரியமா போங்கன்னு சைக்கல் அனுப்பி வச்சா. குடும்பமே ஆட்டு மந்தையோட மேல மேச்சலுக்குப் போயிடுச்சு.

கோடையில ஒருநாள் டீச்சருக்கு பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கறப்போ அவ பேச்சுவாக்குல சொல்றா, வேன் வந்த அன்னிக்கு நான் அம்மா வீட்ல இருந்தேனே, ரத்தமே குடுக்கல, இந்த மாத்திரைய எல்லாருக்கும் தர்றீங்கன்னுல்ல நெனச்சேன்னு.

அப்போ அந்த ரத்தம் ஒரோஸ்பெக் வீட்டு பெகிமாயோடதுதான். சைக்கல் அப்படியே ஜீப்பப் பிடிச்சு மேல போனா.

கூடாரத்து வாசல்ல உல்கான் சிரிச்சுக்கிட்டே வரவேத்தா. "என்ன சைக்கல், எங்க குதிரைப்பால் வாசம் ஆத்தங்கரை வரைக்கும் வந்துடுச்சா?"

உள்ள பெகிமாய் தலையக் குனிஞ்சு டீ ஊத்திக்கிட்டு இருந்தா. மூஞ்சி வீங்கி கண்ணு ரெண்டும் கோடு மாதிரி. ரெண்டு நாளாத் தலைவலியாம், யார்கிட்டயும் சொல்லல. பிரஷர் மீட்டர் முள்ளப் பாத்ததும் சைக்கல் ஜீப்பத் திருப்பச் சொன்னா. வயித்துல ஆறாம் மாசம்தான்.

எறங்குற வழியில மெதுவாக் கேட்டா, வேன்ல என்ன பேரும்மா சொன்னன்னு.

"புருஷன் வீட்டுப் பேரக் கேட்டாங்கக்கா. அது மாமனார் பேராச்சே, நான் எப்படி வாயால சொல்றது? எங்கப்பா பேரு தஷ்டான். அதச் சொன்னேன்."

சைக்கலுக்குத் திட்ட வாய் வரல. கல்யாணம் ஆன நாள்லருந்து அவளும் தன் மாமனார் பேரச் சொன்னதே இல்ல. அந்த வேன்ல அவளக் கேட்டிருந்தாலும் அப்பா பேரத்தான் சொல்லியிருப்பா.

பாதி வழியிலயே வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில குழந்தைய எடுத்தாங்க. அது அழவே இல்ல. பெகிமாய்க்கு உயிர் இருக்குது, கண்ணு இன்னும் தொறக்கல.

வெளிய நடையில உல்கான் சைக்கல் பக்கத்துல வந்து உக்காந்தா. அவ பக்கம் திரும்பிக் கேட்டா.

"ரத்தம் அப்பவே சொல்லிடுச்சாமே?"

"சொல்லிச்சுக்கா."

"அப்புறம் ஏன்டி எங்ககிட்ட வந்து சேரல?"

உங்க மரியாதையக் காப்பாத்தத்தான் அவ பேர மாத்திச் சொன்னான்னு சொல்லிடலாம். சொன்னா, கண்ணு முழிக்கிற பொண்ணு ஆயுசு பூரா அந்த வீட்ல அந்த ஏச்சையே கேக்கணும்.

"நான்தான்கா சரியா விசாரிக்கல."

உல்கான் எந்திரிச்சுப்போயி அந்தக் கோடி பெஞ்சுல உக்காந்துக்கிட்டா.