புத்தகத்தில் இல்லாத பிள்ளைகள்

தென்கொரியாவின் ஆன்டோங் சந்தையில் உப்புக் கானாங்கெளுத்தி விற்கும் தொக்கிமிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பேசினால் மீனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். கோபக்காரி என்று பெயர். பிறவியில் வந்த கோபமல்ல அது. புகுந்த வீட்டில் இருந்த ஒரு தடிப் புத்தகம் கொடுத்தது.

மூத்த மகள் போரமுக்கு மூன்று வயதில் தலைக்குள் கட்டி வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி, நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வு. தேகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். பிறகு டாக்டர் தொக்கிமையும் புருஷன் மான்சிக்கையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்த வகைக் கட்டி சில குடும்பத்துல பரம்பரையா வரும்மா. உங்க ரெண்டு பக்கத்துலயும் சின்ன வயசுல செத்தவங்க, புற்றுநோய் வந்தவங்க யாராச்சும் உண்டா? இருந்தா ரத்தத்தை சியோலுக்கு அனுப்பிப் பாக்கணும். தம்பிக்கும் அது இருந்துச்சுன்னா, மாசக்கணக்கு வச்சு ஸ்கேன் எடுத்து, சின்னதா இருக்கும்போதே புடிச்சிரலாம்."

தம்பி கிஹோ எட்டு மாதக் குழந்தை. அம்மாவின் முதுகில் துணிக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

தன் பக்கத்து ஆட்களைத் தொக்கிம் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கடலில் போனவர்கள் போக, மற்றவர்கள் எல்லாம் பல் விழும்வரை வாழ்ந்தவர்கள். புருஷன் பக்கத்துக்கு மாமனாரைக் கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்து வம்சாவளிப் புத்தகத்தை அவள் முன்னால் தொப்பென்று போட்டார்.

"முப்பத்தோரு தலைமுறை இருக்கு, நல்லாப் பாத்துக்க. ஒருத்தனாவது தலையில கட்டி வந்து செத்தானா? எனக்கே எழுபது வயசு, தலைவலின்னு ஒருநாள் படுத்ததில்ல. உன் பொறந்த வீட்டு மீன்காரன் ரத்தத்துல என்ன இருந்துச்சோ!"

தொக்கிம் அந்தப் புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, ஏதோ சீர் கொண்டுபோவதுபோல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டரும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை செய்வதில்லை. ரத்தம் சியோலுக்குப் போகவில்லை. புத்தகத்தை நம்பிய தன் புத்தியை அவள் இன்றுவரை திட்டுகிறாள்.

அடுத்த வசந்தத்தில் போரம் போய்விட்டாள். குழந்தைச் சாவுக்குக் கல்லறை மேடு கட்டுவதில்லை, சாப்பாடு படைப்பதில்லை. மலைச்சரிவில் புதைத்துக் கற்களை அடுக்கிவிட்டு வந்தார்கள். பெற்றவள் வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் முன்னோர் கல்லறைகளில் புல் வெட்ட எல்லோரும் மலைக்குப் போனபோதுதான் அந்தக் கற்குவியலை முதன்முதலாகப் பார்த்தாள். பக்கத்தில் பாசி பிடித்த இன்னும் இரண்டு குவியல்கள். மாமனாருடைய தம்பி மனைவி பின்னாலேயே வந்திருந்தாள்.

"சின்னத்தை, இது யாரோடது?"

"உன் மாமனாரோட கூடப் பொறந்ததுங்க. தம்பிக்கு நாலு வயசு, தங்கச்சிக்கு ஆறு. தலை வலிக்குது வலிக்குதுன்னு கத்திக்கிட்டே கிடந்துச்சுங்களாம். கடைசியில கண்ணுகூட ஒரு பக்கமா இழுத்துக்கிச்சாம்."

"புத்தகத்துல இல்லையே!"

"கல்யாணமாகாமச் செத்ததுங்களை எவன் எழுதுவான்? இன்னொரு நாத்தனா முப்பது வயசுல மார்புல கட்டி வந்து செத்தா. அவளும் அதுல இல்ல, அவ புருஷன் பேருதான் இருக்கும்."

தொக்கிம் மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று போனது. எடுக்கவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்தாள். மீன் பெட்டியில் விலை எழுதும் மார்க்கரை எடுத்து, மான்சிக்கின் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'போரம்' என்று எழுதினாள். மாமனார் வந்து நின்றார்.

"அடிப்பாவி! முன்னோர் புத்தகத்துலயா கை வைக்கிற?"

"மலையில கல்லுக்கு அடியில கிடக்குற உங்க தம்பி பேரு என்ன மாமா?"

கிழவர் புத்தகத்தைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"பேரச் சொல்லுங்க!"

"சொன்தோல்," என்றார். "தங்கச்சி பூன்னி. செத்ததும் அவளை நாந்தான் கூடையில வச்சு முதுகுல மலைக்குத் தூக்கிட்டுப் போனேன். அப்ப எனக்கு ஒம்பது வயசு."

ஒரு நொடி அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு முதுகில் கிஹோ அசைந்தான்.

"தூக்கிட்டுப் போன ஆளு, தெரிஞ்சேதான் மீன்காரன் ரத்தம்னு சொன்னீங்களா?"

"அதுங்க புத்தகத்துல இல்லையேம்மா," என்றார் அவர். வெகுளித்தனமாக, நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதைத்தான் அவளால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இந்த முறை ரத்தம் சியோலுக்குப் போனது. போரமிடமிருந்து எடுத்து வைத்திருந்த கட்டியும் போனது. கோளாறு மான்சிக் வழியாக வந்திருந்தது. கிஹோவுக்கும் இருந்தது. விடாமல் எடுத்த ஸ்கேனில், அவனுக்கு ஐந்து வயதானபோது பட்டாணி அளவில் ஒன்று அகப்பட்டது, எடுத்தார்கள். இன்று சந்தைக்கு மீன் லாரி ஓட்டி வருகிறவன் அவன்தான். ஸ்கேன் நாளைத் தள்ளிப்போட்டால் அத்தனை பேர் முன்னாலும் அவனுக்கு வசவு விழும்.

மாமனார் போன பிறகு வம்சத்தார் கூடி, புத்தகத்தைப் புதிதாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். தொக்கிம் பிரித்துப் பார்த்தாள். போரம் இல்லை, சொன்தோல் இல்லை, பூன்னி இல்லை.

அன்று கடையைப் பாதியிலேயே மூடினாள். மார்க்கரை மடியில் செருகிக்கொண்டு, வம்சத்தார் வீடு ஒவ்வொன்றின் கதவையும் தட்டப் போனாள்.