நேசமலர் அளந்து குடுத்த தண்ணி

எங்கட நேசமலரை ஊர் இண்டைக்கும் ஒரு மாதிரித்தான் பாக்குது. "புருசனுக்கு வாய்க்குத் தண்ணி குடுக்காமல் சாகடிச்சவள்" எண்டு கதை. எனக்கு முன்னால ஆரும் உப்பிடிச் சொல்லிப் பாக்கட்டும், கிழிச்சுப்போட்டுத்தான் விடுவன். பக்கத்து வளவில இருந்து எல்லாத்தையும் பாத்தவள் நான்.

அவளின்ர மனுசன் வீரையாவுக்கு ரெண்டு கிட்னியும் பழுதாப் போச்சு. எழுபத்தேழு கலவரத்தில மலைநாட்டில இருந்து தாய் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. புதுக்குடியிருப்புப் பக்கம் காடு வெட்டி, வயல் செய்து, ஷெல்லடிக்கும் தப்பி, கடைசியில இந்தக் கோதாரி வருத்தத்திட்ட மாட்டுப்பட்டுது. கிழமையில ரெண்டு தரம் வவுனியாவுக்கு பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய், மெசினில ரத்தம் சுத்திகரிச்சு, துவண்டுபோன மனுசனைத் தோளில சாத்திக்கொண்டு வருவாள் நேசமலர்.

கிட்னி வேலை செய்யாட்டி குடிக்கிற தண்ணி வெளியில போகாது. உள்ளுக்கையே தேங்கி மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல குடுக்கவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிவிட்டவர். இளநீர் வாயிலயும் வைக்கக்கூடாது, அதில இருக்கிற உப்பு இதயத்தை நிப்பாட்டிப்போடும் எண்டும் ரெண்டு பேரையும் கதிரையில இருத்திவைச்சுச் சொன்னவர்.

எங்கட சனத்துக்கு உது விளங்குமே? வருத்தமெண்டு படுத்த ஆளைப் பாக்க வெறுங்கையோட போகேலாது. அதுவும் சூட்டு வருத்தம் எண்டால் இளநீர்தான். குலையோட வருவினம். நேசமலர் படலையிலயே மறிச்சு, "குறை நினைக்காதேங்கோ, திருப்பிக் கொண்டுபோங்கோ" எண்டு சொல்லுவாள். ஆர் குறை நினைக்காமல் விட்டது? பேந்து ஒருத்தரும் அந்தப் படலையைத் திறக்கேல்லை.

ஊரைக்கூடச் சமாளிக்கலாம். மனுசனை என்னெண்டு சமாளிக்கிறது? சோடாப் போத்திலில அளந்து வைச்ச தண்ணி மத்தியானத்தோட முடிஞ்சுபோகும். அதுக்குப் பிறகு கெஞ்சல்தான். "மலர், ஒரு மிடறு. நாக்கை நனைக்கிற அளவுக்கு." எங்கட குசினி வரைக்கும் கேக்கும். ஒருநாள் கோவத்தில பேணியை எறிஞ்சு, "நீ ஒரு பொம்பிளையே?" எண்டு கேட்டுது. அவள் பேணியைப் பொறுக்கிக் கழுவி வைச்சாள். அந்த மனுசனுக்கு முன்னால தானும் தண்ணி குடிக்கமாட்டாள். எங்கட குசினிக்குப் பின்னால வந்து நிண்டு, செம்பைத் தூக்கி மடமடவெண்டு குடிப்பாள். களவெடுக்கிறவள் மாதிரி.

வைகாசி வந்துது. வற்றாப்பளை அம்மனுக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிருந்தாள். வேற என்னத்துக்கு, அவர் இருக்கவேணும் எண்டுதான். மனுசனைப் பாக்க, செட்டிகுளத்தில இருந்து அவற்ர தமக்கை ராஜினி வந்தா. "அக்கா, போத்திலில இருக்கிறதுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணியும் குடுத்திடாதேங்கோ" எண்டு நேசமலர் வாசலில நிண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் பாத்துக்கிறேன், நீ போ புள்ள" எண்டா தமக்கை. நானும் அவளோட போனனான். கைநிறைய நெருப்போட அவள் கோயிலைச் சுத்தி வந்தாள். வாய் மட்டும் அசைஞ்சுகொண்டே இருந்தது.

பின்னேரம் வந்து இறங்க, படலையடியில சனம். மனுசன் முடிஞ்சுபோச்சுது. கதைச்சுக்கொண்டிருக்க நெஞ்சு நிண்டுபோச்சாம். கிணத்தடியில வெட்டின இளநீர்க் கோம்பையள் கிடந்ததை நானும் கண்டனான், அவளும் கண்டாள். என்ர கையை இறுக்கிப் பிடிச்சாள். அவ்வளவுதான்.

முப்பத்தொராம் நாள் காரியம் முடிஞ்ச அண்டு ராஜினி அக்கா தானாகவே கதையை எடுத்தா. "தண்ணிதானே கூடாதுன்னு சொன்ன. இளநி மருந்துதானே புள்ள. தம்பிதான் கேட்டான். மலர் வர்றதுக்கு முன்ன வெட்டித் தா அக்கான்னான். குடிச்சிட்டு என் கையப் புடிச்சு அப்புடி ஒரு சிரிப்பு. நம்ம கையால வயிறு குளுந்துதான் போனான், அது போதும் எனக்கு."

எனக்கு வாய் உன்னிக்கொண்டு வந்துது. நேசமலர் என்னைத் திரும்பிப் பாத்த பார்வையில அடக்கிக்கொண்டன். "நல்லது செய்தனீங்கள் அக்கா" எண்டாள், அந்தப் பாவி.

தமக்கை பஸ் ஏறினதும் பிடிச்சன். "உனக்கென்ன விசரே? ஊர் உன்னைப் பேச, அவாவுக்கு நல்ல பேரே?"

"சொன்னால் அவா உயிரோட இருக்கமாட்டா அக்கா. பாவம், அவாவுக்கு ஒண்டும் தெரியாது" எண்டாள். பிறகு, "ஆனா அவருக்குத் தெரியும். டொக்டர் சொல்லேக்க எனக்குப் பக்கத்திலதான் இருந்தவர். நான் வரமுதல் எண்டு கேட்டிருக்கிறார் அக்கா. நான் அங்க அவரை விட்டுவை தாயே எண்டு நெருப்போட நிக்கிறன். இவர் இங்க என்னட்ட இருந்து தப்பப் பாத்திருக்கிறார்."

அழேல்லை. அழுதிருந்தாலாவது கட்டிப்பிடிச்சிருப்பன். "சீ, அப்பிடியெல்லாம் அந்த மனுசன் நினைச்சிருக்காதடி" எண்டு சொன்னனான். அவள் நம்பேல்லை. நானும் நம்பேல்லை.