கடைமடையிலிருந்து சிங்கப்பூரைப் படித்தது

என் கணவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன மறு வருஷம், அந்த நாட்டை உருவாக்கிய முதல் பிரதமரின் அரசியல் சிந்தனையையும் தலைமைப் பண்பையும் பற்றி ஆராய்ச்சி செய்யப் பதிந்துகொண்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தார்கள். பஸ்ஸில், கடைத்தெருவில், சர்ச் வாசலில் எல்லாம் அந்த ஊர்ப் பேச்சுத்தான். அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்து மயிலாடுதுறையில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அதையே படித்தால் என்ன என்று தோன்றியது. கணவர் இருக்கும் இடத்தை அப்படியாவது கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைத்திருப்பேன்.

தஞ்சாவூரில் எனக்கு வாய்த்த கைடு ஓய்வு பெறும் வயதில் இருந்தார். தலைப்பைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, நம்ம நாட்டுல தலைவரே இல்லையா?"

"நம்ம தலைவர்களப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க சார்."

"இவரப் பத்தின புஸ்தகத்துக்கு எங்க போவ?"

"எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வருவார் சார்" என்றேன். அவரிடம் அதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் கூப்பிடுவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெளிநாட்டிலிருந்து கணவர் கூப்பிடுவதற்காக மற்றப் பெண்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரம் உடம்பு எப்படி, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஆங்கிலப் புத்தகங்களின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பூத்தை விட்டு வெளியே வந்தபோது வரிசையில் நின்ற பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்தார். வழக்கமான சோப்பும் தைலமும் குறைவாக இருந்தன. இரண்டு தடித்த புத்தகங்களும், அந்தத் தலைவரின் பேச்சுகளைத் தொகுத்த இன்னொன்றும் துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. நாத்தனார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார், "இதயாடா அவ்வளவு தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்த?" என்றார். அவர் சிரித்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயும் புத்தகக் கடைக்குள் நுழையத் தயங்கி, வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றதாக அன்று சாப்பிடும்போது சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷங்களைப் பற்றி யோசித்தால் அலுப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடைமடையான எங்கள் ஊருக்குக் காவிரித் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். மேலே சண்டை என்றால் வரவே வராது. குறுவை போடாத வயல்கள் வெடித்துக் கிடக்கும். வார நாட்களில் கல்லூரி, சனிக்கிழமை தஞ்சாவூர் பஸ். கும்பகோணம் தாண்டுவதற்குள் மடியில் புத்தகம் திறந்தபடியே தூங்கிவிடுவேன். சொந்தமாக ஒரு வீடு இருப்பவன்தான் நாட்டைத் தன்னுடையது என்று நினைப்பான் என்பது அந்தத் தலைவரின் நம்பிக்கை. அதனால் சேரிகளைக் கலைத்து அடுக்குமாடிகள் கட்டினார். ஒழுங்கு முதலில், மற்ற உரிமைகள் அதற்குப் பின்னால் என்று வெளிப்படையாகவே பேசினார். எனக்கு அதில் பாதி பிடித்தது, பாதி பயமாக இருந்தது. எதை நினைத்தாலும் குறிப்பு எடுத்துக்கொள்ளத்தான் தெம்பு இருந்தது.

அடுத்த லீவில் ஒரு மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவர் எங்களப் பத்தி என்ன சொல்லியிருக்கார்?"

"யாரப் பத்தி?"

"எங்களத்தான். வேலைக்கு வந்தவங்கள."

தேடினேன். வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களைப் பற்றி அங்கங்கே இருந்தது: வேண்டும், ஆனால் ஓர் அளவோடு வேண்டும், வேலை முடிந்தால் திரும்ப வேண்டும். வாசித்து அர்த்தம் சொன்னேன். "சரிதான்" என்று சொல்லி எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். எனக்குத்தான் மேற்கொண்டு எழுத ஓடவில்லை.

வெளியாட்களின் கண்ணில் அந்தத் தலைமை எப்படி இருந்தது என்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அவர் ஊரில் இருந்த நாட்களில் பழைய மொபெட்டில் இருவரும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போனோம். திரும்பி வந்தவர்களைத் தேடிப் பேசினேன். லாரியின் பின்னால் மழையில் நின்றபடி வேலைக்குப் போனதையும், அடுக்குக் கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்ததையும் சொன்னார்கள். நான் எதிர்பார்த்த குறைகள்தான். எதிர்பார்க்காதது அதற்குப் பின்னால் வந்தது. ஏறக்குறைய எல்லாருமே அந்தத் தலைவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் மரியாதையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

திருவெண்காட்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்த ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அங்க குழாயத் தொறந்தா தண்ணி வருதுங்க. அந்தத் தண்ணிய அடுத்த நாட்டுலேர்ந்து வாங்குறாங்க, தெரியுமா? இங்க நம்ம ஊர் வழியாத்தான் ஆறே ஓடுது. வாய்க்கால்ல வருதுங்களா?"

"உங்கள அங்க குடும்பத்தோட இருக்க விடலையே?" என்று கேட்டேன்.

"அது அவங்க நாடுங்க" என்றார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் மறுபடியும் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

மொபெட்டில் திரும்பினோம். என் கணவர்தான் ஆரம்பித்தார்.

"அவங்க திட்டுவாங்கன்னு நெனச்சியா?"

"நீங்க திட்டலையா? போன்ல எத்தன தடவ?"

"நான் திட்டினது எங்க சூப்பர்வைசர. அவர இல்ல."

அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கைடு, "இது தலைமைப் பண்பு இல்லம்மா, வேலைக்குப் போனவங்க கதை. எடுத்துடு" என்றார்.

"ஓட்டு இல்லாதவங்களும் ஒருத்தர நம்புறாங்கன்னா, அதுவும் தலைமைதானே சார்? நம்பினவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேக்கறதும் அதுலதானே வரும்?"

கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "வெச்சுக்க. வைவால கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

வைவாவில் யாரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் துணைநூல் பட்டியலில் புள்ளிகளும் காற்புள்ளிகளும் ஒழுங்காக இல்லை என்பதைப் பற்றியே பேசிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வாழ்த்துச் சொல்லி எழுந்தார். மனப்பாடம் செய்துவைத்த பதில்களோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அதே வருஷம் என் கணவருக்கு முதுகு போயிற்று. வேலை பெர்மிட்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. ஊருக்கு வந்தவரால் மறுபடி போக முடியவில்லை. தண்ணீர் வந்த வருஷம் சம்பா, வராத வருஷம் உளுந்து என்று இருந்தார். எனக்கு முனைவர் பட்டம் வந்தது, நிரந்தர வேலை வரவில்லை. அரசுக் கல்லூரிகளில் இடங்களை நிரப்பவில்லை. சுயநிதிக் கல்லூரிகள் புதிது புதிதாக வந்தன. அவற்றில் அரசியல் அறிவியல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் நிர்வாகவியல் மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு என்று ஒரு தாள் எடுத்தேன். அதில் தலைவனுக்குரிய குணங்கள் வரிசையாகப் போட்டிருக்கும். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு, வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டைத் தேடிப் போனார்கள்.

பல வருஷங்கள் கழித்து அந்தத் தலைவர் இறந்தார். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அவர் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சாயங்காலம் சின்னப் பந்தல் போட்டு இரங்கல் கூட்டம். நான் கல்லூரியிலிருந்து வந்து இறங்கியதுமே பிடித்துக்கொண்டார்கள். "அவரப் பத்தி டாக்டர் பட்டம் வாங்கினவங்க நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வார்த்த பேசுங்க."

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினேன். வீடுகளைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, லஞ்சத்துக்கு அவர் இடம் கொடுக்காததைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு, அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னவர் என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். அங்கே அதிக காலம் இருந்துவிட்டு வந்தவர்.

"எல்லாம் சரிதாங்கம்மா. இன்னிக்கு வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். நாகப்பட்டினம் பஸ் ஒன்று அந்த மௌனத்துக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர், "மொதல்ல சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

"ரெண்டாவது சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? அது அவங்களுக்குத் தெரியாததா?" முதுகைப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டையில் கொஞ்சம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"உனக்கு வருத்தமா இல்லையா?" என்றார்.

இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இவர் அங்கே இருந்த அத்தனை வருஷங்களில், இவரோடு ஒரே வீட்டில் இருந்ததைவிட அந்த மனிதரின் பேச்சுகளோடுதான் நான் அதிகம் இருந்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "காலைல மொத பீரியட் இருக்கு, எழுந்திருங்க" என்றேன். கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன்.