அசனச் சட்டிக்கு இருபது கிலோ கறி

காலை ஐந்தரைக்கு ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். இரண்டு கையிலும் பத்துப் பத்து கிலோ ஆட்டுக்கறி.

"அண்ணே, ஆட்டுக்கு டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"அது விடியமுன்னே டிக்கெட் வாங்கிருச்சு தம்பி."

சிரித்துவிட்டு எனக்கு மட்டும் கிழித்தார். உச்சிப்புளி வரை சுமார் பதினெட்டு கிலோமீட்டர். இறங்கி, ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்து, ஆறே முக்காலுக்குக் கடற்கரையிலுள்ள என் மனைவியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று மாதா கோயில் திருவிழா. மதியம் அசனம்: ஒரே சட்டிச் சோறு, ஊருக்கே ஒரே பந்தி. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை நம்பிக் கறி வாங்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் படித்தவர்கள்தான், பாவம்.

சமையல் பொறுப்பு என் மச்சான் சூசைக்கு. பையைப் பிரித்ததும் கேட்டார்.

"டவுன்ல பாய் கடையிலதான வாங்குன?"

"அங்க ஒரே கூட்டம் மச்சான். ஆளில்லாத கடையாப் பாத்து வாங்கிட்டு வாரேன்."

சூசை தலையில் கை வைத்தார். இங்கே அசன ஆட்டை முஸ்லிம் ஒருவர் இறைவன் பேரால் பிஸ்மி சொல்லித்தான் அறுப்பார். அப்போதுதான் பள்ளிவாசல் தெருக்காரர்களும் அதே சட்டியில் சாப்பிட முடியும். நான் வாங்கிய கடையில் ஏன் கூட்டமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வாயத் தொறக்காத. வெந்த கறி பேசவா போகுது?" என்றார் சூசை.

நான் அவிழ்த்துவிட்ட பொய்களை அடுக்கினால் ஒரு மீன்பிடி வள்ளம் கொள்ளாது. ஆனால் இது பள்ளிவாசல் தெருக் காதர் பாயின் வயிற்றுக்குள் போகிற பொய். 'அங்க என்னத்தப் போடுறாங்களோ' என்று போன வருஷம் அவர் தெருவில் சிலர் தடுத்தபோது, 'அவுக நம்மள ஏமாத்த மாட்டாக' என்று சொல்லி எல்லாரையும் கூட்டிவந்தவர் அவர்தான். இன்று ஏமாற்றினால் அவர் சொல் போச்சு.

மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

"அவுங்களுக்குத் தனியா சாம்பார் வைப்போமா?" என்றார்.

"தனிச் சட்டின்னா தனிப் பந்தி ஆயிரும் சாமி. நானே போய்ச் சொல்லிடுறேன்."

"அடிச்சா?"

"வாங்கிக்கிறேன். பழக்கந்தான்."

எட்டு மணி. பாய் விருந்துக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"சூசைக்கும் சாமியாருக்கும். மறைச்சிருக்கலாம் பாய். மனசு வரல."

"ஏலே, ஒன்னையக் கறி வாங்க அனுப்புனவன மொதல்ல அறுக்கணும்!" என்று சிரித்தார். "கறிய ஐஸுல போட்டு நாளைக்கு நீங்க தின்னுங்க. இன்னைக்கு மீன் வைப்போம். மீன யாரு அறுத்தா என்ன? திருவிழான்னு ஒங்காளுக எவனும் கடலுக்குப் போகல. எங்க வள்ளம் ஒம்பதுக்குக் கரைக்கு வரும். வா, தூக்கு."

சட்டையை மாட்டாமலே நடந்தார். நான் கூடை தூக்கினேன்.

ஒரு மணிக்கு மீன்குழம்போடு பந்தி. நடந்ததைப் பாயே தன் தெருவுக்குச் சொல்லியிருந்தார். அப்படியும் வந்தார்கள், போன வருஷம் தடுத்தவர்களில் இரண்டு பேர் கூடுதல். என் பக்கத்தில் உட்கார்ந்த பாய், "உப்புக் கொறவு. இதையும் நீதான் வாங்குனியா?" என்றார்.

நாலு மணிக்குப் பஸ் ஏறினேன். நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலிலும் அசனம் உண்டு. பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களுக்குக் கோயில் கேட்டுக்கு வெளியே பொட்டலம் கொடுத்து அனுப்புவோம். நான் உள்ளே குனிந்த தலை நிமிராமல் தின்றிருக்கிறேன். வரும் ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில், அவர்களையும் ஏன் உள்ளே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது என்று கேட்கப்போகிறேன். எனக்குக் கோவையாகப் பேச வராது. ஆனால் எழுந்து நின்றால் பதில் வரும்வரை உட்கார மாட்டேன்.